மூட்டையை எடை போடும் நாம் எர்த்தை அளந்து பார்க்கிறோமா?



லாரியில் மூட்டை வந்து இறங்கினால் எடை போட்டுப் பார்க்கிறோம். துவரம் பருப்பு என்றால் ஒரு பிடி அள்ளி, பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். வத்தல் மூட்டை என்றால் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. நாற்பது ஆண்டுகளாக இப்படியே மொத்த வியாபாரம் செய்துவரும் நான், ஒரே ஒரு சரக்கை மட்டும் பார்க்காமல் வாங்கி ஏமாந்தேன். அந்தச் சரக்கின் பெயர் எர்த். மண்ணுக்கு அடியில் இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. என் அனுபவம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடையில் குளிர்பெட்டிகள், கிட்டங்கியில் பருப்பு சலிக்கும் எந்திரம் என்று மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், 2023 மார்ச்சில் கிட்டங்கியின் மொட்டை மாடியில் 8 கிலோவாட் சோலார் அமைத்தோம். மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம் மேலும் குறைத்துப் பேசி முடித்தேன். பேனல் எந்தக் கம்பெனி, இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் கேட்டேன். எர்த் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மின்கட்டணம் குறைந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். மழை நாள்களில் மட்டும் காலையில் இன்வெர்ட்டர் ஓடாமல் சிவப்பு விளக்கு காட்டும். வெயில் ஏறியதும் தானே ஓடத் தொடங்கிவிடும். பொருத்தியவரிடம் கேட்டதற்கு, "ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் அண்ணாச்சி" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

2024 அக்டோபரில் ஒருநாள், இரவு பெய்த மழை விட்டு வெயில் வந்ததும், கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பேனலில் இருந்த புறா எச்சத்தைத் துடைக்க மேலே போனார். ஈரக் கையால் பேனலின் அலுமினியச் சட்டத்தைப் பிடித்ததும் சுரீரென்று இழுத்து, பின்பக்கமாக விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் விழுந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் இருந்தது. அது தகரக் கூரையாக இருந்திருந்தால் அவருடைய தாயாருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வேறு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்தோம். ஒரு பேனலின் அடியில் ஒயர் இரும்புச் சட்டத்தில் உரசி, தோல் கிழிந்திருந்தது. பச்சை எர்த் ஒயர் முதல் பேனலில் மட்டும் கட்டப்பட்டிருந்தது. மற்ற பேனல்களுக்கு இணைப்பே இல்லை. கீழே சிமெண்ட் மூடி போட்டு அழகாக இருந்த எர்த் குழியைத் திறந்தால், உள்ளே இரண்டடிக் கம்பி ஒன்றுதான். கருவி வைத்து அளந்தபோது 70 ஓமுக்கு மேல் காட்டியது. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் கூரை சோலார் விவரக்குறிப்புப்படி அது 5 ஓமுக்கு மேல் போகக்கூடாது.

எர்த் என்ன செய்கிறது?

பத்துப் பேனல்களை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழ 400 வோல்ட் டி.சி. மின்சாரம் வரும். ஒயரின் தோல் கிழிந்து சட்டத்தில் பட்டால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இன்வெர்ட்டரும் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். எர்த் இல்லாவிட்டால், தொடுகிற மனிதரே அந்த வழியாகிவிடுகிறார். மழைக்காலையில் எரிந்த சிவப்பு விளக்கு அந்தக் கசிவைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெயில் இருக்கும்வரை பேனலிலும் அதன் ஒயரிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

மின்னலுக்கும் இதே கதைதான். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் அதன் வேகம் ஒயர் வழியாக வந்து இன்வெர்ட்டரைக் கருக்கிவிடும். அதைத் தடுக்க எஸ்.பி.டி. என்ற சிறு கருவியை டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும் பொருத்துகிறார்கள். எர்த் இல்லாத எஸ்.பி.டி., சாக்கடை இல்லாத தொட்டி மாதிரி; வந்ததை அனுப்ப வழியிருக்காது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தீ விபத்து பாலிசிகளில், மின்கருவிக்குள் ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு ஆகியவற்றால் அந்தக் கருவிக்கே ஏற்படும் சேதத்தை, காரணம் மின்னலாக இருந்தாலும், விலக்கி வைக்கும் நிபந்தனை வழக்கமாக உண்டு. உங்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. விலைப்பட்டியலில் எர்த் வேலையைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். எத்தனை குழி, எவ்வளவு ஆழம், என்ன பொருள் என்பது அதில் இருக்க வேண்டும்.

2. பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழிகள் வேண்டும். குழாய் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. குழி மூடுவதற்கு முன் நேரில் நின்று பாருங்கள்.

3. ஒவ்வொரு பேனல் சட்டமும் எர்த்துடன் இணைய வேண்டும். அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷர் போட வேண்டும்.

4. செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் மழை ஈரத்தில் அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய லக்கும் எவர்சில்வர் போல்ட்டும் கேளுங்கள்.

5. எர்த் டெஸ்டர் வைத்து உங்கள் கண்முன் அளக்கச் சொல்லி, அளவைத் தேதியுடன் கையெழுத்திட்டு வாங்குங்கள். ஆண்டுக்கொரு முறை கோடையில் மறுபடி அளந்து பாருங்கள். மண் காய்ந்திருக்கும் அப்போதுதான் உண்மை தெரியும்.

6. மழை நாளில் இன்வெர்ட்டர் எச்சரிக்கை காட்டினால், சரியாகிவிடும் என்று விடாதீர்கள். அதைச் சரிசெய்யும்வரை யாரையும் பேனலைத் தொட விடாதீர்கள்.

எங்கள் கிட்டங்கியில் மூன்று குழிகளும் புதிதாகத் தோண்டி, கிழிந்த ஒயரை மாற்றி, எல்லாச் சட்டங்களையும் இணைத்தோம். இப்போது அளவு 3 ஓமுக்குள் இருக்கிறது. மாடியைச் சுற்றித் தடுப்புக் கம்பியும் போட்டாயிற்று. தம்பி குணமாகி வேலைக்கு வந்துவிட்டார். முதலில் மாடிக்குப் போகத் தயங்கினார். அவரை அருகில் நிறுத்தி எலக்ட்ரீஷியன் அளந்து காட்டிய பிறகுதான் மேலே போனார். அவர் கேட்டது நியாயம்தானே!

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தின் மானியம் வீடுகளுக்குத்தான். கடைக்கும் கிட்டங்கிக்கும் கிடையாது. ஆகவே நாம் விலையைக் குறைத்துத்தான் பேசுவோம். பேனலில் குறைத்தால் நமக்குத் தெரிந்துவிடும், இன்வெர்ட்டரில் குறைத்தாலும் தெரிந்துவிடும். மண்ணுக்கு அடியில் குறைத்தால் யாருக்குத் தெரியும்? வியாபாரிகளான நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். அந்தப் பணம் நம் கையில் இருக்கும்வரைதான் குழியைத் திறந்து காட்டுவார்கள்.