ஒரு ஓட்டையின் கணக்கு

புனேயின் பாஷானில் உள்ள ஐசர் நிறுவனத்திலும், பல்கலைக்கழக வளாகத்துக்குள் இயங்கும் தேசிய செல் அறிவியல் மையத்திலும் உயிரியல் ஆய்வாளர்களுக்குக் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அன்றாடக் கருவி. விலை கோடியைத் தொடும். ஆனாலும் படத்தின் தெளிவு பெரிதும் ஒரு ஓட்டையின் கையில்தான் இருக்கிறது.

ஒளிரும் சாயம் ஏற்றிய திசுவைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், நாம் பார்க்க நினைக்கும் தளத்துக்கு மேலும் கீழும் உள்ளவையும் சேர்ந்து ஒளிர்ந்து படத்தைக் கலங்கடிக்கும். மூளை நரம்புகளைப் பார்க்க முயன்ற மார்வின் மின்ஸ்கிக்கும் சிதறும் ஒளிதான் தொல்லை. 1955-இல் வழி கண்டார்: ஒளியை ஒரே புள்ளியில் குவி, திரும்பி வருவதை டிடெக்டருக்கு முன் ஒரு ஊசித்துளையால் வடிகட்டு. குவியத்திலிருந்து வருவது துளைக்குள் நுழையும். மற்றது பரவிப்போய்த் தகட்டில் மோதி நின்றுவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாக வருடித்தான் படம் சேரும். 1961-இல் காப்புரிமை கிடைத்தது. கருவி சந்தையில் சூடுபிடித்தபோது அது காலாவதியாகியிருந்தது! மின்ஸ்கிக்குப் பேர் வாங்கித் தந்தது செயற்கை நுண்ணறிவு.

துளை எவ்வளவு சிறிதாக இருக்கலாம்? எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒளிப்புள்ளியை ஒரு வட்டாகத்தான் காட்டும். சுற்றிலும் மங்கலான வளையங்கள். அந்த வட்டின் விட்டம்தான் ஒரு ஏய்ரி யூனிட். ஒளி திரட்டும் திறனைக் குறிக்கும் எண் (நியூமெரிக்கல் அபெர்ச்சர்) 1.4 ஆக உள்ள லென்ஸில், பச்சை ஒளிக்கு அது சுமார் 450 நானோமீட்டர். 63 மடங்கு பெரிதாகித் துளையை எட்டும்போது 28 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. துளையை அந்த அளவில் வைத்தால் குவிய ஒளியில் 84 சதவீதம் உள்ளே வரும். கால் யூனிட்டுக்குச் சுருக்கினால் பகுதிறன் கோட்பாட்டளவில் 1.4 மடங்கு வரை கூடும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதை ஈடுகட்ட லேசரைக் கூட்டினால் சாயம் வெளுத்துப்போகும், உயிருள்ள செல் வாடும். எனவே பெரும்பாலோர் ஒரு யூனிட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். மங்கலான மாதிரி என்றால் நான் தயங்காமல் இன்னும் திறக்கச் சொல்வேன்: படத்தில் சேரும் தளம் கொஞ்சம் தடிக்கும், ஆனாலும் அது இரைச்சல் மட்டுமே நிறைந்த கூர்மையைவிட மேல்.

இந்த இழுபறியைத் தாண்ட இன்னொரு வழியும் உண்டு. ஒரே டிடெக்டருக்குப் பதில் 32 சிறு டிடெக்டர்களைத் தேன்கூட்டு அடுக்கில் வைப்பது. ஒவ்வொன்றும் 0.2 யூனிட் துளைபோல வேலை செய்யும்; எதிலும் விழும் ஒளி வீணாகாது. மையம் விலகி விழுந்ததைக் கணினி உரிய இடத்துக்கு நகர்த்திக் கூட்டிவிடும். ஸைஸ் நிறுவனம் இதை 2014-இல் ஏய்ரிஸ்கேன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கான கோட்பாட்டைக் காலின் ஷெப்பர்ட் 1988-இலேயே எழுதிவிட்டார்.