அம்மாவின் தோல், என் காயம்



பூனாகலையில் எங்கள் லயத்துப் படிக்கட்டில் சிறுவயதில் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு வரும். எனக்கோ முழங்கால் தோல் மீன்வாயைப்போலப் பிளக்கும். ஆறினாலும் சிகரட் தாள்போல மெல்லிய, அகலமான தழும்பு நிற்கும். அம்மாவின் கால்களிலும் அதே தழும்புகள். "நம்ம வீட்டுத் தோல் அப்படித்தான்" என்பார் பாட்டி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

32 வயதில் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்றிரவு இருமினேன், காயம் வாய் திறந்துவிட்டது. "கொழுந்துக்கூடை தூக்கியிருப்பாய்" என்று ஏசினார்கள். நான் பெரட்டுப் பக்கமே போகவில்லை. அந்த ஏச்சுத்தான் புண்ணைவிட வலித்தது.

இரண்டாம் முறை தைத்த வைத்தியர் காயத்தைப் பார்க்குமுன் என் கையைப் பிடித்தார். பெருவிரலை மடக்கச் சொன்னார். அது முன்கையைத் தொட்டது. கழுத்துத் தோலை மெல்ல இழுத்தார். ரப்பர்போல வந்தது, விட்டதும் திரும்பியது. அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு துண்டில் 'எஹ்லர்ஸ்-டான்லோஸ்' என்று எழுதித் தந்தார். டென்மார்க்கின் எட்வர்ட் எஹ்லர்ஸ் 1901இலும், பிரான்சின் டான்லோஸ் 1908இலும் விவரித்த பிறவி நோய் இது. தோல், மூட்டு, இரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் பழுது. 2017ஆம் ஆண்டின் வகைப்படுத்தலில் 13 வகைகள் உள்ளன. எனக்குள்ள வகை ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடும்.

இம்முறை உள்ளே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று இழுவையில்லாமல் நெருக்கமாகத் தைத்தார். வழக்கத்தைவிட இரு மடங்கு நாட்கள் தையலை விட்டுவைத்தார். பிரித்த பின்னும் ஒட்டுப்பட்டி போட்டு அணைத்தே வைத்தார். பிளாஸ்டரை வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூட வந்துவிடும் என்பதால், தாதி அதை நனைத்து நனைத்து எடுத்தார். இந்நோயில் சிலருக்கு விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. எனக்கும் அப்படித்தான். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது நடிப்பல்ல.

இரத்தக்குழாய்களைத் தாக்கும் வகைதான் மிகவும் ஆபத்தானது. அதில் தோல் அவ்வளவு இழுபடாது. மெல்லியதாக இருக்கும், நீல நரம்புகள் தெரியும், சிறு தட்டலுக்கும் கன்றும். பெரிய இரத்தக்குழாயோ குடலோ, கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பையோ கிழியலாம். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று அப்படி இறந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

ஷெல் துண்டு பட்டு, தழும்பு அகன்று கிடக்கும் சகோதரிகள் பயப்பட வேண்டாம். அகலத் தழும்பெல்லாம் இந்த நோயல்ல. கிருமி, சத்துக்குறைவு, நீரிழிவு, உள்ளே தங்கிய இரும்பு எல்லாமே ஆறவிடாமல் செய்யும். ஆனால் யுத்தத்துக்கு முன்னரே, சிறு பிள்ளையிலிருந்தே உங்கள் தோல் அப்படிப் பிளந்ததா? அம்மாவுக்கும் அப்படியா? கத்தி வைக்குமுன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

என் மகளுக்கும் இதே தோல். அவளுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். 2023 மார்ச்சில் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்த இரவு, அடையாள அட்டைகளோடு அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினோம்.