ஹாம் ரேடியோவில் ஒரே இரைச்சலா? ஃபில்டரை இப்படி மாத்திப் பாருங்க!

2004 டிசம்பர் 26. சுனாமி தாக்கியதில் அந்தமானில் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அப்போது போர்ட் பிளேயரில் இருந்த ஹாம் வானொலிக் குழுவினர், அங்கு சிக்கியிருந்தவர்களின் தகவல்களை வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். இந்த மாதிரி நேரத்தில் இரைச்சலில் ஒரு ஊர்ப் பெயர் தவறாகக் கேட்டாலே சிக்கல்தான். இங்கேதான் ரிசீவரின் ஆடியோ ஃபில்டர் கைகொடுக்கிறது.

ஃபில்டர் என்ன செய்யும்?

சல்லடை மாதிரிதான். பேச்சு புரிய சுமார் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே போதும். அதற்குக் கீழே வரும் உறுமலையும், மேலே வரும் 'உஸ்' சத்தத்தையும் வெட்டிவிடலாம்.

எவ்வளவு வைக்கணும்?

* எஸ்எஸ்பி குரல்: 2.4 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து நிலையம் குறுக்கிட்டால் 1.8 வரை குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் 'ஸ', 'ஃப' வித்தியாசமே தெரியாது.

* மோர்ஸ்: ஒரே சுருதி என்பதால் 500 ஹெர்ட்ஸ் போதும். 2,500-லிருந்து 500-க்கு வந்தாலே இரைச்சலின் சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மிகவும் குறுக்கினால் மணியடித்த மாதிரி ஒலி இழுக்கும்.

* விடாத விசில் சத்தம்: நாட்ச் ஃபில்டரைப் போடுங்க. மோர்ஸ் கேட்கும்போது மட்டும் ஆட்டோ நாட்சை ஆஃப் பண்ணிடுங்க. இல்லைன்னா மோர்ஸ் ஒலியையே விசில்னு நினைச்சு வெட்டிடும்.

எங்கிருந்து தொடங்கணும்?

முதலில் ஃபில்டரை அகலமாக வைத்து நிலையத்தைப் பிடிங்க. பிறகு மெதுவாகக் குறைங்க. சத்தம் அடங்குகிற இடத்தில் இல்லை, வார்த்தை புரிகிற இடத்தில் நிறுத்துங்க.