தில்லிக் குளிரும் மூட்டுவலியும்: கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை

புது தில்லி: தலைநகரில் டிசம்பர் பிற்பாதி முதல் ஜனவரி முடியும் வரை, காலையில் எழுந்ததும் முழங்கால் மடங்க மறுக்கிறது, விரல்கள் விறைத்துப் போகின்றன என்று முறையிடுவோர் ஏராளம். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலே அதைக் குளிர் அலை என வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. தில்லிக்கு அது புதிதல்ல. ஆனால், இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை கோடையை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு, வெறுங்காலோடு மொசைக் தரையில் நடக்கும் பழக்கமே முதல் எதிரி.

குளிர் மூட்டைத் தேய்த்துவிடுவதில்லை. தசைகள் இறுகுகின்றன; நடமாட்டம் குறைகிறது; அதனால் விறைப்பு கூடுகிறது. வானிலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு குறித்து ஆய்வுகள் ஒருமித்துக் கூறவில்லை. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் வலி சற்றே கூடுவதாக 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு தெரிவித்தது. மழைக்கும் மூட்டுவலிக்காக மருத்துவரை நாடுவதற்கும் தொடர்பில்லை என்றது 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. எனவே, வீங்கிய மூட்டைக் "குளிர் போனால் சரியாகிவிடும்" என்று விட்டுவைப்பது தவறு. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் அது தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா எனப் பரிசோதிக்க வேண்டும்.

படுக்கையிலேயே கை, கால்களை மெல்ல மடக்கி நீட்டுவது, வெந்நீர் ஒத்தடம், கம்பளிக் காலுறை ஆகியவை எளிய வழிகள். நடைப்பயிற்சியை விடியற்காலையில் மேற்கொள்ள வேண்டாம். அப்போது மூடுபனியோடு மாசும் தங்கியிருக்கும். வெயில் ஏறிய பின் நடப்பதே நல்லது.

கர்ப்பிணிகளின் நிலை வேறு. ஹார்மோன் மாற்றத்தால் இடுப்பெலும்பை இணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன, எடையும் கூடுகிறது. இடுப்பு, முழங்கால் வலி இதனால் வருவதே. உடலில் நீர் தேங்குவதால் மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுத்தால் இடுப்பு வலி தணியும். ஒத்தடம் மிதமான சூட்டில் இருக்கட்டும். வயிற்றின் மீது வேண்டாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அதைத் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. சீட்டில்லாமலே கிடைக்கும் டைக்ளோபினாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகளை 20-ஆவது வாரத்துக்குப் பின் உட்கொண்டால், கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 30-ஆவது வாரத்துக்குப் பின் கருவின் இதயத்தை ஒட்டிய இரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கும் அபாயமும் உண்டு. மேலே தடவும் களிம்பில் இருப்பதும் பெரும்பாலும் இதே மருந்துதான். மருத்துவர் ஆலோசனையுடன், தேவையான அளவு மட்டும் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். வேறு காரணத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் உட்கொள்ளும் பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பலருக்கு முடக்குவாத வலி தணிந்து, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மீண்டும் தலைதூக்குகிறது.

வலிக்கு இதமாக இருக்கிறதென்று மூடிய அறையில் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, மூச்சடைத்து இறந்த செய்திகள் தில்லியில் குளிர்காலந்தோறும் வருகின்றன. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தாயின் இரத்தம் வழியே அது கருவையும் சென்றடைகிறது. தாய் தேறிய பின்னும் கருவின் இரத்தத்திலிருந்து அது நீங்க அதிக நேரம் பிடிக்கும்.