காசு கட்டினால்தான் பெல்ட் கட்டலாமா?

திருவண்ணாமலை நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பயிற்சி மைதானத்தை எட்டிப் பாருங்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். முன்வரிசையில் பிரவுன் பெல்ட், அடுத்து நீலம், பிறகு பச்சை, மஞ்சள், கடைசியில் வெள்ளை. எங்கள் காலனிப் பிள்ளை ஒருத்தி அந்தப் பச்சை வரிசையில் எட்டு மாதமாக நிற்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளோடு சேர்ந்தவர்கள் நீலத்துக்குப் போய்விட்டார்கள்.

“அடிக்கத் தெரியாம நிக்கலண்ணா, கட்ட காசில்லாம நிக்குது” என்றார் அவளுடைய அம்மா. மல்லாட்டை பிடுங்கப் போன கூலியில் மாதக் கட்டணத்தை எப்படியோ கட்டிவிடுகிறார். பெல்ட் தேர்வுக்குத் தனியாக 1,200 ரூபாய் கேட்கிறார்கள். போன தேர்வுக்கு மகளிர் குழுவில் வாங்கிக் கட்டிய கடனே இன்னும் தீரவில்லை. “பிளாக் பெல்ட் வாங்கிட்டா போலீஸ் வேலையில கோட்டா உண்டாமே, நெசமாண்ணா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல்தான் நம் வீடுகளில் கடன் வாங்குகிறார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு கட்டினால் பரவாயில்லை. தெரியாமல் கட்டினால் காசும் போகும், பிள்ளையின் ஆசையும் போகும்.

வெள்ளை உடுப்பு தரும் மதிப்பு

தற்காப்புக் கலை நம் பிள்ளைகளுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ள தென்முடியனூரில், தலைமுறைகளாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த நம் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்தார்கள். அதற்கும் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் உடன் வர வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் வாழும் பிள்ளைக்குப் பயிற்சி மைதானம் என்ன தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு. எந்தத் தெரு என்று உடுப்பு சொல்லாது. ஊர்த்தெருப் பையன் காலனிப் பிள்ளைக்குத் தலை வணங்கிய பிறகுதான் ஆட்டம் தொடங்கும். அவளும் அவனுக்கு வணங்குவாள். முடிந்த பிறகும் இருவரும் வணங்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே பிள்ளைகளை அனுப்பலாம்.

ஆனால் தேர்வுக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் முன்வரிசைக்குப் போய், முடியாதவர்கள் பின்வரிசையிலேயே நின்றால், உடுப்பு மறைத்ததை இடுப்பில் கட்டிய நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. யார் வீட்டில் காசு இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது மைதானத்துக்கே தெரிந்துவிடும். நம் ஊர்களில் அது எந்தத் தெருப் பிள்ளை என்று சொல்வதற்குச் சமம்.

பெல்ட் வந்த கதை

பெல்ட் என்பது பழங்காலத்து முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ல் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு, தேர்ந்த மாணவர்கள் இருவருக்கு ‘டான்’ என்ற தகுதியைக் கொடுத்தார். கறுப்புப் பட்டை அதற்குப் பிறகு வந்தது. மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் நிறமாகப் பிரித்த முறை ஐரோப்பாவில்தான் பரவியது. 1935 வாக்கில் பாரிசில் ஜூடோ சொல்லிக்கொடுத்த மிகினோசுகே கவாய்ஷி அதை நிலைப்படுத்தினார். கராத்தேக்காரர்கள் இந்த முறையை ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிச்சின் ஃபுனகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலில் கறுப்புப் பட்டை கொடுத்தது 1924-ல்.

நம் சிலம்பத்தில் பெல்ட் கிடையாது. வெற்றிலைப் பாக்கோடு முடிந்த தட்சிணையை வைத்து வாத்தியாரை வணங்கிக் கம்பை எடுப்பார்கள். காலடி சரியாக வந்தால் அடுத்த வரிசை சொல்லித்தருவார். வராவிட்டால் பழைய வரிசையையே திரும்பச் செய்ய வேண்டும். அங்கே தேர்ச்சியைக் காட்டியது கம்பு வீச்சு மட்டுமே. இப்போது சில சிலம்ப வகுப்புகளிலும் நிறப் பட்டைகள் வந்துவிட்டன.

குத்துச்சண்டையிலும் நிறப் பட்டைத் தேர்வு இல்லை. ‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வடசென்னையின் உழைக்கும் மக்கள் மேடையில் ஏறி ஜெயித்துத்தான் பெயர் வாங்கினார்கள். ஆக, பெல்ட் இல்லாமல் ஒரு கலையைக் கற்கவும் முடியும், அதில் பெயர் எடுக்கவும் முடியும்.

கூலிக் கணக்கு

பல கராத்தே பிரிவுகளில் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போக ஒன்பது, பத்துப் படிகள் உண்டு. ஒரு தேர்வுக்குச் சராசரியாக 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தேர்வுக்கு 10,000 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் 10,000 ரூபாய் என்பது 30 நாள் உழைப்பு. மாதக் கட்டணம், உடுப்பு, போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் இதில் சேரவில்லை. கறுப்புப் பட்டைத் தேர்வுக்குக் கட்டணம் மற்றத் தேர்வுகளைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மாஸ்டர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்வுக் கட்டணம் என்றாலே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சான்றிதழுக்குத் தலைமைச் சங்கத்துக்குப் பணம் போகிறது. தேர்வாளருக்குப் பயணச் செலவு, மைதானத்துக்கு வாடகை, பெல்ட்டின் விலை எல்லாம் உண்டு. மாதக் கட்டணமே வாங்காமல் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். தேர்வில் தேறாத பிள்ளையைத் தேறவில்லை என்று சொல்லும் மாஸ்டர் நேர்மையானவர். காசு கட்டியவர் எல்லோரும் தேறிவிடுகிறார்கள், கட்டாதவர் தேர்வே எழுத முடியாது என்றால், அங்கே நடப்பது தேர்வு அல்ல, விற்பனை.

பெல்ட்டுக்கு வேலை கிடைக்குமா?

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 10 சதவீதம் ஒதுக்குகிறார்கள். ஆனால் இந்த இரண்டும் பெல்ட்டைப் பார்த்துக் கொடுப்பவை அல்ல. போட்டியில் பங்கேற்றதற்கும் ஜெயித்ததற்கும் உரிய சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள். காவலர் தேர்வில் இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காக என்றால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக என்றால் படிவம் 3. இதில் பெல்ட் நிறத்துக்குப் படிவம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா விளையாட்டும் எல்லா ஒதுக்கீட்டிலும் வருவதில்லை. ஒவ்வொரு அறிவிக்கையிலும் எந்தெந்த விளையாட்டு என்று பட்டியல் இருக்கும். சிலம்பத்தை 3 சதவீத ஒதுக்கீட்டில் அரசு சேர்த்திருக்கிறது, முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் சிலம்பம் இருக்கிறது. கராத்தேயின் நிலை வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை உலக கராத்தே சம்மேளனம் 2020-ல் நிறுத்தியது. பிறகு வேறு அமைப்புக்கு அங்கீகாரம் போனது. ‘அகில இந்திய’, ‘சர்வதேச’ என்று பெயர் வைத்த எல்லாச் சங்கத்தின் சான்றிதழும் அரசு மேசையில் செல்லாது. எது செல்லும் என்று மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசு கட்டலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

சேரும்போதே கேளுங்கள்

பிள்ளையைச் சேர்க்கும் அன்றே நான்கு கேள்வி கேளுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை மொத்தம் எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? தேறாவிட்டால் மறுபடி கட்ட வேண்டுமா? சான்றிதழில் எந்தச் சங்கத்தின் பெயர் வரும், அதற்கு யார் அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள்? கட்ட முடியாத பிள்ளைக்குச் சலுகை உண்டா?

கட்டிய காசுக்கு ரசீது வாங்குங்கள். சேவைக்குப் பணம் வாங்கிவிட்டு ரசீது தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரசீது கேட்பவரிடம் கணக்கும் ஒழுங்காக வரும்.

காசே இல்லாமல் கற்கவும் வழி உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சிக்கு நிதி வருகிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது நடக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. மூன்று மாதம் போதாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2024-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் ஆண்டு முழுவதும் பயிற்சியாளர் வைக்கலாம். அங்கீகாரம் உள்ள சங்கத்தின் தேர்வுக் கட்டணத்தை நேராகக் கட்டிவிடலாம். பெரிய தொகை ஆகாது.

பச்சை பெல்ட்டோடு

பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாஸ்டரிடம் போனோம். 1,200 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டோம். முதலில் முகம் சுளித்தார். பிறகு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார். சங்கத்துக்குப் போகும் பங்கை மட்டும் கட்டினால் போதும், தன் பங்கு வேண்டாம் என்றார். அதையும் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். எட்டு மாதமாக யாரும் கேட்காததால் கிடைக்காத சலுகை அது.

திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: “அண்ணா, நீல பெல்ட் வர்ற வரைக்கும் போட்டிக்குப் போக முடியாதா?”

சில தனியார் போட்டிகளில் பெல்ட் வாரியாகப் பிரிப்பதுண்டு. ஆனால் உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி, சண்டைப் போட்டியில் களம் இறங்கும்போது இருவரும் தாங்கள் வாங்கிய பெல்ட்டைக் கட்டக்கூடாது. ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம். இரண்டுமே போட்டிக்காகக் கட்டுவது. வீட்டில் எந்த நிறம் வைத்திருக்கிறாய் என்று நடுவர் கேட்பதில்லை. விழும் அடிக்குத்தான் புள்ளி.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப பி.டி. சார்கிட்ட பேர் குடுத்துடறேன்” என்றாள்.