கோவாவின் வாளும் கண்டியின் முடியும்

குலப்பெருமையும் செல்வமும் வாய்க்கப் பிறந்த ஒருவன், பகைவரின் வஞ்சனையால் தந்தையையும் நிலத்தையும் இழந்து, அடிமையாக விலைபோய், பல்லாயிரம் பேர் ஆரவாரிக்கும் களரியின் மணலில் உயிரைப் பணயம் வைத்து வாள் சுழற்றி, கடைசியில் தன் குடியைக் கெடுத்தவனையே நேருக்கு நேர் எதிர்கொண்டு பழிதீர்க்கும் கதை, நாவல்களிலும் திரைப்படங்களிலும் எத்தனை முறை வந்தாலும் ஜனங்களுக்குச் சலிப்பதில்லை. அரசனும் நியாயசபையும் வழங்கத் தவறிய நீதியை ஒரு தனிமனிதனுடைய புஜபலம் வழங்கிவிடும் என்ற ஆசை மனித சுபாவத்தில் ஆழப் பதிந்திருப்பதே அதற்குக் காரணம் போலும். ஆயினும் கதாசிரியர் வகுத்த வழியில் சரித்திரம் நடப்பதில்லை; பழிவாங்கப் புறப்பட்டவனை அவன் எண்ணியிராத வேறோர் இடத்திலே கொண்டுபோய் நிறுத்துவது அதன் வழக்கம்.

உரோம நகரில் இந்தக் கொடிய விளையாட்டு ஓர் ஈமச்சடங்காகவே தொடங்கிற்று. கி.மு. 264ஆம் ஆண்டில் புரூட்டஸ் பேரா என்ற பிரபு இறந்தபோது, அவருடைய புதல்வர்கள் தந்தைக்குச் செய்யும் கடனாக மூன்று இணை வீரரைக் கால்நடைச் சந்தைத் திடலில் பொருதவிட்டதே அந்நகரம் கண்ட முதற் காட்சி என்பர். கி.பி. 80இல் தித்துஸ் சக்கரவர்த்தி கொலோசியத்தைத் திறந்துவைத்து நூறு நாள் விழா எடுத்த காலத்தில், அந்த ஈமக்கடன் ஆள்வோர் ஜனங்களின் ஆதரவை விலைக்கு வாங்கும் மகோற்சவமாக வளர்ந்துவிட்டது. களரியில் இறங்கிய கிளாடியேட்டர்களுள் பெரும்பாலோர் யுத்தக் கைதிகள், தண்டனை பெற்ற குற்றவாளிகள், எஜமானரால் விற்கப்பட்ட அடிமைகள். கடனாலோ புகழாசையாலோ தாமே உடன்படிக்கை எழுதிக்கொடுத்து வந்த சுதந்திரப் பிரஜைகளும் அவர்களிடையே இருந்தனர். வாற்கோதுமை உணவுண்டு, காவலுள்ள பயிற்சிக்கூடங்களில் வாழ்ந்து, பல போர்களில் உயிர்தப்பியவனுக்கு விடுதலையின் சின்னமாக ஒரு மரவாள் அளிக்கப்பட்டது. உயர்குலத்தோர் களரியில் இறங்குவது மகா இழிவு எனக் கருதப்பட்டும், அந்த ஆரவாரத்தின் மயக்கத்துக்கு அவர்களிலும் சிலர் ஆட்பட்டமையால், கி.பி. 19இல் செனட் சபை அதனைத் தடுக்கத் தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று.

களரி அடிமைகளுள் பழிதீர்க்க எழுந்தவன் என்று உலகம் நினைவில் வைத்திருப்பவன் ஸ்பார்டகஸ். திராசிய தேசத்தவனான அவன், கி.மு. 73இல் கபுவா நகரத்துப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஏறக்குறைய எழுபது தோழருடன் மடைப்பள்ளிக் கத்திகளையும் இறைச்சி வாட்டும் கம்பிகளையும் ஏந்தித் தப்பியோடி, பல்லாயிரம் அடிமைகள் திரண்ட சேனைக்குத் தலைவனானான். தன் தோழன் கிரிக்ஸஸ் மடிந்தபோது, சிறைப்பட்ட உரோமரையே கிளாடியேட்டர்களாக ஒருவரோடொருவர் பொரச்செய்து அவனுக்கு ஈமக்கடன் செய்தான் என்று உரோம ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். பழி என்பதன் இயல்பு அதுவே. தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் வடிவத்தையே அது கடன் வாங்கிக்கொள்கிறது. கி.மு. 71இல் ஸ்பார்டகஸ் போரில் வீழ்ந்த பின்னர், கபுவாவிலிருந்து உரோமாபுரி வரையுள்ள பெருவழியின் ஓரத்தில் ஆறாயிரம் பேர் சிலுவைகளில் அறையப்பட்டனர்.

இத்தகைய சரிதங்களைத் தேடி உரோமாபுரிக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. மீன்சந்தைக்கு விடியுமுன் பேலியகொடைப் பாலத்தைக் கடப்பவர்களும், எதிர்க்கரையில் நாகலகம் வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருப்பவர்களும் அன்றாடம் காணும் களனி கங்கை, பதினாறாம் நூற்றாண்டில் இரண்டு உலகங்களை இணைத்தும் பிரித்தும் கிடந்த நீர்வழியாகும். அதன் முகத்துவாரத்துக்கு அருகே போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டை. மேலே, அவிசாவளைப் பக்கத்தில், அக்கோட்டையை அழித்தே தீருவதென்று கங்கணம் கட்டிய சீதாவாக்கை இராச்சியம். இவ்விரண்டுக்கும் நடுவே அலைக்கழிக்கப்பட்ட ஒரு பிரபு குமாரனே, நாம் தேடும் கதைக்கு மிக நெருங்கிய வாழ்க்கையை வாழ்ந்தவன்.

1521இல் கோட்டே இராச்சியத்து அரசன் விஜயபாகுவை அவனுடைய புதல்வர் மூவரும் கொல்வித்து இராச்சியத்தைப் பங்கிட்டுக்கொண்ட நாள்தொட்டு, இரத்த உறவே பெரும் பகையாக மாறிய காலம் அது. அம்மூவருள் ஒருவனான மாயாதுன்னை சீதாவாக்கையை நிறுவினான். அவன் மகன் முதலாம் இராஜசிங்கன், முல்லேரியாவில் போர்த்துக்கேயரை முறியடித்துப் பெற்ற புகழோடு 1581இல் அரியணை ஏறி, அடுத்துக் கண்டியையும் கைப்பற்றினான். கண்டி அரசன் கரலியத்தை பண்டாரன் தன் இளம் புதல்வி குசுமாசன தேவியுடன் திருகோணமலைப் பக்கம் ஓடி, அங்கே அம்மை நோயால் மாண்டான். அநாதையான அக்குழந்தை போர்த்துக்கேயரின் பராமரிப்பில் தோனா கதரினாவாக வளர்ந்தாள். இராஜசிங்கனின் கண்டி வெற்றிக்குத் துணைநின்றவன் பேராதனைப் பிரபு வீரசுந்தர பண்டாரன். அந்த உதவிக்குக் கைம்மாறாக அவனுக்குக் கிடைத்தது மரணம். துணைநின்றவனே நாளை எதிர்நிற்கக்கூடும் என்று ஐயுற்ற அரசன், அவனைத் தன் இடத்துக்கு வரவழைத்துக் கொல்வித்தான் என்பது மரபு.

வீரசுந்தரனின் மகன் கொனப்பு பண்டாரன் தப்பியோடிக் கொழும்புக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தான். தந்தையைக் கொன்றவனின் பகைவரே தனக்குப் புகலிடம் என்று அவன் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் புகலிடத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை சிறிதன்று. ஞானஸ்நானம் பெற்றுத் தன் மதத்தை விட்டான். லெபாந்தோக் கடற்போரில் துருக்கியரை வென்ற ஸ்பானிய ராஜகுமாரன் ஒஸ்திரியாவின் தொன் யுவானுடைய பெயரைத் தன் பெயராகச் சூடினான். சந்தையில் விலைகூறப்பட்டவன் அல்லன் ஆதலால் அவனை அடிமை என்று சட்டம் சொல்லாது. எனினும் பெயரும் மதமும் வாளும் பிறருடையனவாகி, எஜமானர் ஏவிய திசையிலே செல்லக் கடமைப்பட்ட ஒரு பிரபுவின் நிலை, களரிக்கு உடன்படிக்கை எழுதிக்கொடுத்த உரோமப் பிரஜையின் நிலையினின்று வெகுதூரம் வேறுபட்டதென்றும் சொல்வதற்கில்லை.

கொழும்பிலிருந்து அவன் கோவாவுக்கு அனுப்பப்பட்டான். போர்த்துக்கேயக் கீழைச் சாம்ராஜ்யத்தின் தலைநகரமான அங்கே, இராஜப்பிரதிநிதியின் சபையும் மாதாகோவில்களும் ஒருபுறமிருக்க, தம் வாள்வன்மையைப் பறைசாற்றித் திரிந்த போர்வீரர்களும் மலிந்திருந்தனர். கஜபாகு என்ற பெயரால் கதைகளில் குறிக்கப்படும் ஒரு மகா பலசாலி, எவரும் எதிர்க்க அஞ்சிய வாள்வீரனாக அந்நகரில் விளங்கினான் என்றும், அவனைக் கொனப்பு பண்டாரன் இருவர் போரிலே சந்தித்து வெட்டி வீழ்த்தினான் என்றும், அச்செயலால் இராஜப்பிரதிநிதியின் மதிப்புக்கு உரியவனானான் என்றும் கண்டி மரபுகள் பெருமையோடு கூறும். வாய்வழி வளர்ந்த வர்ணனைகளை ஓரளவு கழித்தே இதனை ஏற்கவேண்டும். ஆயினும் சிங்கள நாட்டுக்கு இத்தகைய இருவர் போர் புதிதன்று; அங்கம்பொர என்னும் போர்க்கலையில் தேர்ந்த சுதாலிய, மருவல்லிய என்ற இரு மரபினர், அரசன் முன்னிலையில் குழியொன்றினுள் இறங்கிப் பொருதனர் என்ற செய்தி வழிவழியாக வழங்கிவருகிறது. அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு ஐரோப்பியரின் வாட்பயிற்சியும் சேர்ந்தபோது, தன் எஜமானரின் வித்தையை அவர்களைவிட நன்றாக அறிந்த ஒருவன் உருவானான்.

அவனுடைய சந்தர்ப்பம் நம் யாழ்ப்பாணத்தின் துரதிர்ஷ்டத்தோடு பிறந்தது. 1591இல் அந்திரே புர்த்தாடோ என்ற தளபதி யாழ்ப்பாணத்தின் மேற் படையெடுத்து, அதன் அரசன் புவிராஜ பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் இருத்தினான். அவ்வெற்றியின் வேகத்தில் கண்டியையும் தம் கைப்பாவையாக்க எண்ணிய போர்த்துக்கேயர், கரலியத்தை அரசனின் மருமகன் தொன் பிலிப்பை அரசனாகவும், கொனப்பு பண்டாரனைப் படைத்துணையாகவும் மலைநாட்டுக்கு அனுப்பினர். இராஜசிங்கனின் ஆட்சியை வெறுத்திருந்த கண்டி மக்கள் அவர்களை எதிர்க்கவில்லை. முடிசூடிய சிறிது காலத்தில் தொன் பிலிப்பு திடீரென மாண்டான். நஞ்சூட்டப்பட்டான் என்ற பேச்சு அன்றே எழுந்தது. அந்தக் குழப்பத்தில் கொனப்பு பண்டாரன் தன்னை அனுப்பியவர்களையே மலைநாட்டினின்றும் துரத்தி, கிறிஸ்தவத்தைக் கைவிட்டு, விமலதர்மசூரியன் என்ற பட்டப்பெயருடன் கண்டியின் முடியைத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

கதையாக இருந்தால் இனி நிகழவேண்டியது தந்தையைக் கொன்றவனோடு நேருக்கு நேரான போர். 1593இல் முதிர்ந்த வயதினனான இராஜசிங்கன் கண்டியின் மேற் படையெடுத்து வந்தது உண்மை. பலனை மலைவாசலில் அவனுடைய சேனை தடுத்து நிறுத்தப்பட்டதும் உண்மை. ஆனால் அந்தச் சிங்கம் வீழ்ந்தது பகைவனின் வாளாலன்று. தோற்றுத் திரும்பும் வழியில் பாதத்தில் தைத்த மூங்கிற் சிராய் புண்ணாகிப் புரையோடி அவனுயிரைக் கொண்டுபோயிற்று என்பர். இளமையெல்லாம் எந்தச் சபதத்துக்காக ஒருவன் ஊரும் பெயரும் இழந்து அலைந்தானோ, அந்தச் சபதத்தை அவன் கையிலிருந்து ஒரு மூங்கிற் சிராய் பறித்துக்கொண்டது.

பகைவன் மாண்டான், போர் மாளவில்லை. இராஜசிங்கனின் சபையில் செல்வாக்குப் பெற்றிருந்த தென்னிந்தியனான அரிட்ட கீவெண்டு பெருமாள், தலைவன் மறைந்ததும் போர்த்துக்கேயர் பக்கம் சேர்ந்து, ஜயவீர பண்டாரன் என்ற பெயரில் பெரும்படைக்கு நாயகனானான். 1594இல் பேரோ லோப்பஸ் டி சூசா என்ற தளபதி, கண்டியின் உரிமை அரசியாகத் தோனா கதரினாவை அழைத்துக்கொண்டு, ஜயவீரனின் சேனையின் துணையோடு கண்டிக்குள் புகுந்தான். இம்முறை விமலதர்மசூரியன் பெரிதும் நம்பியது வாளையன்று. ஜயவீரன் தன்னோடு இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டதுபோல் ஒரு கடிதம் வரைந்து, அது போர்த்துக்கேயரின் கையில் விழும்படி செய்தான். சந்தேகத்தில் மதியிழந்த தளபதி, விசாரணையின்றி ஜயவீரனைக் கொன்றான். கொன்ற மறுகணமே சுதேசப் படைவீரர் கூட்டம் கூட்டமாக விலகினர். தனித்து விடப்பட்ட ஐரோப்பியச் சேனை தந்துரை என்ற இடத்தில் முற்றாக அழிந்தது. தோனா கதரினா விமலதர்மசூரியனின் பட்டத்து ராணியானாள். முடியைப் பலத்தாற் பெற்றவனுக்கு முடியின் உரிமையும் அவ்வாறு கிட்டிற்று. ஐயம் என்ற ஆயுதத்தால் தன் தந்தையை இழந்தவன், அதே ஆயுதத்தால் ஒரு சேனையை வென்றான்.

அந்த வெற்றியின் மறுபுறம் அழகியதன்று. போர்க்கைதிகள் சிலரை அங்கவீனப்படுத்திக் கொழும்புக்கு அனுப்பினான் என்று பழைய ஐரோப்பிய நூல்கள் கூறும். ஏனைய கைதிகளைக் கொண்டு தன் அரண்மனையையும் அரண்களையும் கட்டுவித்தான். கோவாவிலே எவருடைய தயவில் உண்டானோ, அவர்களுடைய இனத்தார் கண்டியிலே அவனுக்காகக் கல்சுமந்தனர். தோழனின் ஈமக்கடனுக்காக உரோமரைப் பொரச்செய்த ஸ்பார்டகஸின் மனப்போக்குக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் ஸ்பார்டகஸுக்குக் கிடைக்காத ஒன்று, பழிக்குப் பிந்திய காலம், விமலதர்மசூரியனுக்குக் கிடைத்தது. புத்தரின் புனிதப் பல்லாகிய தலதாவைக் கண்டிக்குக் கொணர்ந்து கோயிலெடுத்தான்; அற்றுப்போயிருந்த பிக்கு சங்கத்தின் உபசம்பதை என்னும் உயர்துறவுச் சடங்கை மீட்க அரக்கானிலிருந்து தேரர்களை வரவழைத்தான். 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்த ஒல்லாந்தக் கடற்றலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கனிடம், ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்ட விரும்பினால் தானும் தன் ராணியும் மக்களும் தோளிற் கல்சுமந்து உதவுவதாக வாக்களித்தான். பறங்கியருள் ஒரு சாராரை விரட்ட இன்னொரு சாராரை அழைத்த அந்த ராஜதந்திரம் பிற்காலத்தில் நாட்டுக்கு என்ன விளைத்தது என்பது வேறு சரித்திரம். 1604இல் அவன் இறந்தபோது, 1815 வரை நிலைத்துநின்ற கண்டி இராச்சியத்துக்குப் பலமான அஸ்திவாரம் இடப்பட்டிருந்தது.

அதே காலத்தில், மாண்ட தொன் பிலிப்பின் குழந்தையாகிய யுவான் என்ற இன்னொரு இராஜகுமாரன், போர்த்துக்கேயரால் கொண்டுசெல்லப்பட்டு, லிஸ்பன் அருகே தெல்ஹெய்ராஸில் ஒரு துறவிமடம் எழுப்பி, ஊர் திரும்பாமலே 1642இல் கண்மூடினான். பறிகொடுத்த முடி அவனுக்கும் இருந்தது. பழிவாங்கும் நியாயமும், தந்தைக்கு நஞ்சூட்டப்பட்டது மெய்யாயின், கொனப்பு பண்டாரனுடையதற்குக் குறைந்ததன்று. ஒருவனைப் பகை அரசனாக்கிற்று. மற்றவனை அந்நிய மண் துறவியரின் தோழனாக்கிற்று. பழிதீர்ப்பதைப் பெருமையாகப் பாடும் கதைகள் வெற்றிபெற்றவனையே எண்ணிப் பார்க்கின்றன. அவ்வெற்றியின் பாதையில் நஞ்சோ வாளோ பட்டு வீழ்ந்தவரின் பிள்ளைகளுக்கும் அதே நியாயம் பாக்கியிருக்கிறது என்பதை அவை கணக்கிற் சேர்ப்பதில்லை. விமலதர்மசூரியனை மதிக்கவேண்டுமாயின், கஜபாகுவை வெட்டிய வாளுக்காக மதிப்பதிலும், அந்த வாளை உறையிலிட்ட பின் ஒரு நாட்டைக் கட்டிய வருஷங்களுக்காக மதிப்பதே முறையாகும்.