எதற்கு நன்றி சொல்வது?

நன்றி சொல்லப் பழகுங்கள் என்று பிறருக்குப் புத்தி சொல்வது இலகு. வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்திற்கு அந்த வார்த்தை சில வேளைகளில் குத்தலாகவே கேட்கும். "எதற்கு நன்றி?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் அதில் பிழையில்லை. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, அந்நிய தேசத்தில் வாழ்ந்த ஒரு மிஷனரியின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் விரும்பி நாட்டை விட்டு வந்தவர், நீங்கள் அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை மறவாமலே வாசியுங்கள்.

வில்லியம் கேரி இங்கிலாந்திலே சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியாக இருந்தவர். 1793ஆம் ஆண்டு மனைவி டொறதியுடனும் பிள்ளைகளுடனும் வங்காளத்திற்கு வந்தார். கையில் பணமில்லை, பாஷையும் தெரியாது. 1794இல் ஐந்து வயது மகன் பீற்றர் வயிற்றோட்டத்தால் இறந்தான். அவனுக்குக் குழி வெட்டவும் ஆள் கிடைப்பது கஷ்டமாயிருந்தது. அதன்பின் டொறதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அவர் சுகமடையவில்லை.

அந்த நாட்களில் கேரி எழுதிய நாட்குறிப்பில் தனிமையும் சோர்வும் ஒளிவுமறைவின்றிப் பதிவாகியுள்ளன. அதே நாட்குறிப்பில் இறைவனுக்குச் செலுத்திய நன்றியும் உண்டு. ஒன்றை எழுதுவதற்காக மற்றதை அவர் மறைக்கவில்லை. வேதாகமத்தின் சங்கீதங்களிலும் முறைப்பாடும் துதியும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன!

1800ஆம் ஆண்டு கேரி செராம்பூருக்கு வந்து, மாஷ்மன், வார்ட் ஆகியோரின் குடும்பங்களுடன் ஒரே குடும்பமாக வாழத் தொடங்கினார். சமையலும் பணப்பையும் பொதுவானவை. சனிக்கிழமை மாலைகளில் ஒன்றுகூடித் தங்களுக்குள் எழுந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். 1806இல் எழுதிய கடிதமொன்றில் கேரி தமது ஒருநாள் வேலைகளை விபரிக்கிறார். காலை ஆறு மணிக்கு முன் எழும்புவார். வேதம் வாசித்து, ஏழு மணிவரை தனியே ஜெபிப்பார். பின்பு வீட்டு வேலையாட்களோடு வங்காள மொழியில் குடும்ப ஜெபம். அதன் பிறகே மற்ற வேலைகள்.

இந்தப் பழக்கத்தின் பெறுமதி 1812 மார்ச் 11ஆந் திகதி தெரிந்தது. அன்று மாலை செராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. காகிதம், பல மொழிகளின் அச்செழுத்துகள், கேரி பல வருடங்களாக எழுதிய இலக்கணம், அகராதி ஆகியவற்றின் கையெழுத்துப் பிரதிகள் யாவும் போயின. அவர் அழுதார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 46ஆம் சங்கீதத்திலிருந்து பிரசங்கித்தார்.

அதே வேளையில் வார்ட் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். எழுத்து வார்ப்பதற்கு வேண்டிய எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. உருகிக் கட்டியாகிய ஈயமும் கிடைத்தது. அச்சு இயந்திரங்கள் தப்பியிருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் வெறுமையாயிருந்தது. எஞ்சியவற்றைக் கொண்டு அங்கே எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். சில வாரங்களில் அச்சு வேலை மறுபடி ஆரம்பமாயிற்று. பிரித்தானியாவிலிருந்த நண்பர்களும் பணம் அனுப்பினார்கள். ஒருமுறை நடந்த பாதையில் இரண்டாம் முறை நடப்பது இலகு என்பது கேரியின் எண்ணம். புதிய மண்ணில் மீண்டும் பாத்தி கட்டிய கமக்காரருக்கு இது விளங்கும்.

கேரி செடி கொடிகளில் மிகுந்த பிரியமுள்ளவர். 1820இல் கல்கத்தாவில் விவசாய, தோட்டக்கலைச் சங்கமொன்றை நிறுவினார். 1823இல் வெள்ளம் அவரது தோட்டத்தை அழித்தபோது, மறுபடியும் நட்டார்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நன்றி சொல்வது நடந்த இழப்பை நல்லது என்று சொல்வதல்ல. தீயையோ பிள்ளையின் மரணத்தையோ கேரி நல்லதென்று சொல்லவில்லை. எது போயிற்று, எது மிஞ்சியது என்று உண்மையாக எண்ணிப் பார்ப்பதே நன்றியின் தொடக்கம். எண்ணிப் பார்த்தவனுக்கே அடுத்த வேலை எதுவென்று தெரியும்.

நன்றி எல்லா நோவுக்கும் மருந்துமல்ல. டொறதியைப் போல மனம் உடைந்தவரிடம் "நன்றி சொல்லு, சரியாகும்" என்று சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கும் ஆளும், வைத்தியரின் உதவியும். அதேபோல் நன்றி சொல்கிறவர் தமது உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. காணி உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். நட்டஈட்டுக்கு விண்ணப்பியுங்கள். காணாமற்போனவரைத் தேடுங்கள்.

வீட்டில் இப்படிச் செய்து பார்க்கலாம்:

1. இரவுச் சாப்பாட்டின்பின் எல்லோரும் சேர்ந்து இருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

2. அன்றைய கவலையை முதலில் சொல்ல விடுங்கள். பிள்ளைகள் சொல்வதைத் தடுக்க வேண்டாம்.

3. பின்பு ஒவ்வொருவரும் அன்று கிடைத்த ஒன்றைச் சொல்லட்டும். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லட்டும்: மண்வெட்டி இரவல் தந்த அயலவர், முளைத்த மிளகாய்க் கன்று, காய்ச்சல் விட்ட தங்கச்சி.

4. அந்த நன்மை ஒரு மனிதரால் வந்திருந்தால் மறுநாள் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

5. சொல்ல ஒன்றுமில்லாத நாளில் மௌனமாயிருங்கள். அன்று மற்றவர் அவருக்காக ஜெபிக்கட்டும்.

கொட்டிலில் மிஞ்சியிருக்கும் ஒரு கொத்து விதைநெல் விட்டு வந்த வயலுக்கு ஈடாகாது. ஆனாலும் அது இருக்கிறது என்று அறிந்து, அதற்கு நன்றி சொன்னவரே அதை விதைப்பார்.